காந்தத் தீவு: ஓரிடத்தில் அழிக்கிறார்கள், இன்னோரிடத்தில் வளர்க்கிறார்கள். ஏன்?

கேள்வி இதுதான்: "அணுக்கரு இணைவுக்கான டோகாமாக் என்ற வளையக் கருவியில் காந்தத் தீவு உருவானால் பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயு) குளிரும், சில நேரம் மொத்தமாகவே சரிந்துவிடும் என்கிறார்கள். ஆனால் ஜெர்மனியில் இருக்கும் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியில் அதே தீவை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். இது முரண் இல்லையா? தீவு என்றால்தான் என்ன?"

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்றது தானாகவே விளங்கிவிடும். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தீவு என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பிளாஸ்மாவுக்குள் ஏதோ ஒரு கட்டி மிதப்பதுபோல் தோன்றும். அப்படி எதுவும் மிதப்பதில்லை. காந்தப்புலக் கோடுகள் ஓடும் பாதை ஓரிடத்தில் வேறு மாதிரி மடங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வளையத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்த மடங்கல் கண் வடிவில், சுற்றிலும் நீர் சூழ்ந்த திட்டுபோலத் தெரியும். முப்பரிமாணத்தில் பார்த்தால் அது வளையம் முழுக்க நெளிந்து ஓடும் ஒரு குழாய்.

பிளாஸ்மாவின் வெப்பநிலை 10 கோடி டிகிரிக்கும் மேல். அதைத் தாங்க எந்தப் பாத்திரமும் கிடையாது. மின்னூட்டம் கொண்ட துகள்கள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருண்டபடி அதன் வழியே ஓடும், குறுக்கே எளிதில் தாவாது. அந்தக் குணத்தை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. கோட்டுக்கு நுனி இருந்தால் துகள் அங்கே போய் முட்டும் என்பதால் கோட்டை வளையமாக வளைக்கிறார்கள். வெறும் வளையம் மட்டும் போதாது. அதில் எலக்ட்ரான்களும் அயனிகளும் மேலும் கீழுமாக விலகிப் போய்விடும். அதனால் கோட்டுக்கு ஒரு முறுக்கும் வேண்டும். டோகாமாக்கில் அந்த முறுக்கைப் பிளாஸ்மாவுக்குள் ஓடும் பெரும் மின்னோட்டம் தருகிறது. வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் போன்ற ஸ்டெல்லரேட்டர் வகைக் கருவிகளில் வெளியே இருக்கும் சுருள்களையே கோணல்மாணலாக வளைத்து முறுக்கை வரவழைக்கிறார்கள்.

இந்த முறுக்கைக் கையால் செய்து பார்க்கலாம். ஒரு வளையத்தை எடுத்து அதன்மேல் நூலைச் சாய்வாகச் சுற்றுங்கள். நூல் வளையத்தின் நீளவாக்கில் இரண்டு சுற்று வருவதற்குள், குறுக்குவாக்கில் சரியாக ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும். நுனி தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அதற்குப் பிறகு எத்தனை முறை சுற்றினாலும் நூல்மேல் நூல்தான் விழும், வளையத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கும். இப்போது சாய்வைத் துளி மாற்றுங்கள். நுனி பழைய இடத்துக்கு வராது, கொஞ்சம் தள்ளி விழும். அடுத்த சுற்று இன்னும் கொஞ்சம் தள்ளி விழும். விடாமல் சுற்றினால் வளையமே தெரியாதபடி நூல் மூடிவிடும்.

நீளவாக்குச் சுற்றுக்கும் குறுக்குவாக்குச் சுற்றுக்கும் உள்ள இந்த விகிதத்துக்கு டோகாமாக் வட்டாரத்தில் பாதுகாப்புக் காரணி என்று பெயர். நடைமுறையில் எல்லோரும் 'கியூ' என்றே சொல்வார்கள். ஸ்டெல்லரேட்டர்காரர்கள் இதையே தலைகீழாக்கி 'அயோட்டா' என்பார்கள். பிளாஸ்மாவின் நடுவிலிருந்து வெளியே போகப்போக இந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். வழக்கமான டோகாமாக்கில் நடுவில் கியூ சுமார் 1, விளிம்பில் 3, 4 என்று இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள்போல அடுக்கடுக்கான பரப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கியூ. பெரும்பாலான பரப்புகளில் கியூ விகிதமுறா எண்ணாக இருக்கும், அங்கே ஒரே கோடு பரப்பு முழுவதையும் மூடிவிடும். 3/2, 2/1, 3/1 போன்ற எளிய பின்னம் வரும் பரப்புகளில் மட்டும் கோடு சில சுற்றுக்குள் தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும். தீவுகள் பிறப்பது இந்த இடங்களில்தான்.

காரணம் எளிது. ஏதோ ஒரு சுருள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் கோட்டை ஓரிடத்தில் வெளிப்பக்கமாகவும் இன்னோரிடத்தில் உள்பக்கமாகவும் தள்ளும் மிகச் சிறிய புலம் ஒன்று சேர்ந்துவிடுகிறது. கோடு பரப்பு முழுக்க அலைந்தால் இரண்டு தள்ளலையும் மாறிமாறிச் சந்திக்கும், கணக்கு நேராகிவிடும். வால் கவ்விய கோட்டுக்கு அந்த வசதி இல்லை. அது மறுபடி மறுபடி அதே இடங்கள் வழியாகவே போகிறது, ஒவ்வொரு முறையும் அதே திசையில் தள்ளு வாங்குகிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் சுண்டுவிரலே போதும் என்பதுபோல, இங்கே மிகச் சிறிய புலமும் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிறது.

தள்ளிக்கொண்டே இருந்தால் கோடு சுவர்வரை போய்விடாதா? போகாது. வெளியே நகர்ந்ததும் அது கியூ வேறாக இருக்கும் பரப்புக்கு வந்துவிடுகிறது, தாளம் தப்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணம் விலகி, கடைசியில் உள்பக்கம் தள்ளும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே உள்ளே தள்ளப்பட்டு, பழைய பரப்பைத் தாண்டி, எதிர்ப்பக்கம் கோணம் விலகித் திரும்பி வருகிறது. ஆக, நடுப்புள்ளி ஒன்றைச் சுற்றி ஒரு முழு வட்டம். இதற்குச் சமன்பாடு எழுதினால் வருவது பள்ளியில் படித்த தனி ஊசலின் சமன்பாடேதான். தீவின் மையம், ஊசல் அசையாமல் கீழே தொங்கும் நிலை. இதை ஓ-புள்ளி என்பார்கள். இரண்டு தீவுகள் தொட்டுக்கொள்ளும் எக்ஸ்-புள்ளி, ஊசல் தலைகீழாக நிற்கும் நிலை. தீவுக்குள் இருக்கும் கோடுகள் இப்படியும் அப்படியும் ஆடுகின்றன. தீவுக்கு வெளியே இருப்பவை ஊசல் முழுச்சுற்று சுற்றுவதுபோலக் கடந்து போகின்றன. இரண்டுக்கும் இடையில் உள்ள எல்லைதான் தீவின் கரை.

ஊசல் என்றதும் இன்னொன்றும் கூடவே வந்துவிடுகிறது. தீவின் அகலம் தள்ளும் புலத்துக்கு நேர்விகிதமாக வளர்வதில்லை, அதன் வர்க்கமூலத்துக்குத்தான் வளர்கிறது. கேட்கும்போது இது நல்ல செய்திபோல் இருக்கும். சிறிய எண்களுக்கு வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், எவ்வளவு கெட்ட செய்தி என்று தெரியும். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு வர்க்கமூலம் நூறில் ஒரு பங்கு. பிழையை நூறு மடங்கு குறைத்தாலும் தீவு பத்து மடங்குதான் சுருங்கும்.

பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஐட்டர் டோகாமாக்கின் அளவை வைத்துக் கணக்குப் போடலாம். வளையத்தின் ஆரம் (பெரிய ஆரம்) 6.2 மீட்டர், பிளாஸ்மாக் குழாயின் ஆரம் (சிறிய ஆரம்) 2 மீட்டர், பிரதான புலம் 5.3 டெஸ்லா, முறுக்குப் புலம் ஏறத்தாழ 1 டெஸ்லா. கியூ 2 ஆகும் பரப்பு மையத்திலிருந்து சுமார் 1.5 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். கியூவின் ஏற்றம் மிதமானது. அங்கே சரியான தாளத்தில் 1 காஸ் அளவு தள்ளும் புலம் இருந்தால், தீவின் அகலம் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் வரும். 1 காஸ் என்பது ஒரு டெஸ்லாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திசைகாட்டி ஊசியைத் திருப்பும் அளவுள்ள ஒன்று, 50,000 காஸ் புலத்துக்குள் விரற்கடை கணக்கில் ஓட்டை போடுகிறது. சுருள்களை ஏன் மில்லிமீட்டர் சுத்தமாக நிறுத்தப் பாடுபடுகிறார்கள் என்று கேட்டால், என் பதில் இந்தக் கணக்குதான்.

மேலே போட்டது வெற்றிடக் கணக்கு. பிளாஸ்மா சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மின்தடையே இல்லாத பிளாஸ்மாவாக இருந்தால் கோடுகள் அறுந்து வேறு விதமாக ஒட்ட முடியாது. அந்தப் பரப்பில் ஒரு மெல்லிய மின்னோட்டத் தகடு எழுந்து, வெளியிலிருந்து வரும் தள்ளலை மறைத்துவிடும். பிளாஸ்மா வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தாலும் இந்த மறைப்பு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தடை பூஜ்யம் இல்லை. 10 கோடி டிகிரி பிளாஸ்மா செம்பைவிடப் பல மடங்கு நல்ல கடத்தி. அப்படி இருந்தும், தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு அந்தத் துளித் தடையும் கணக்கில் வந்துவிடுகிறது. கோடுகள் அங்கே அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்கின்றன.

இதைவிடச் சங்கடமான சங்கதி ஒன்று உண்டு. தீவு வர வெளியே பிழையே தேவையில்லை. டோகாமாக்கின் மின்னோட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து, பிளாஸ்மா தானாகவே கிழிந்து தீவாக மாறினால் மொத்தக் காந்த ஆற்றல் குறையலாம். குறையும் என்றால் அது கிழியும். ஃபர்த், கில்லீன், ரோசன்புளூத் மூவரும் 1963-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கிழிவு நிலையின்மையை முறையாக விளக்கினார்கள். டேரிங் மோடு என்பது இதுதான். பத்தாண்டு கழித்து, 1973-இல், ரதர்ஃபோர்டு அடுத்த படியைக் காட்டினார்: தீவு கொஞ்சம் வளர்ந்த பிறகு இரட்டிப்பு வேகத்தில் பாய்வதில்லை, நேரத்துக்கு நேர்விகிதமாக நிதானமாகப் பெருக்கிறது. (அணுக்கருவைக் கண்டுபிடித்த ரதர்ஃபோர்டு வேறு, இவர் பால் ரதர்ஃபோர்டு.) அந்த நிதானம்தான் இன்று தீவைக் கட்டுப்படுத்தவே நமக்கு அவகாசம் தருகிறது.

சரி, தீவு வந்தால் என்ன கெட்டுவிடும்? 10 கோடி டிகிரியில் ஓர் எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 6 கோடி மீட்டர் ஓடுகிறது. ஐட்டர் வளையத்தின் சுற்றளவு 39 மீட்டர். ஒரு நொடிக்குள் பத்து லட்சம் சுற்றுக்கு மேல். கோட்டின் வழியே வெப்பம் ஓடும் வேகத்துக்கும் குறுக்கே கசியும் வேகத்துக்கும் உள்ள விகிதம் கோடிக்கணக்கில் இருக்கும். நல்ல அடுக்குகளில் கோடு தன் பரப்பைவிட்டு விலகாது, உள்ளே சூடும் வெளியே குளிர்ச்சியும் அப்படியே நிற்கும். தீவுக்குள்ளோ அதே கோடு உள்கரைக்கும் வெளிக்கரைக்கும் மாறிமாறிப் போய்வருகிறது. உள்ளே இருந்த சூடு எந்தத் தடையும் இல்லாமல் வெளிக்கரைக்கு வந்துவிடுகிறது. சாய்வாக ஏறியிருந்த வெப்பநிலை, தீவின் அகலம் முழுக்கத் தட்டையாகிவிடும்.

தட்டையான பகுதி 20 சென்டிமீட்டர்தானே என்று விட முடியாது. மலைச்சரிவில் ஒரு படி காணாமல் போனால் அதற்கு மேலே இருக்கும் உச்சி முழுவதும் அந்தப் படியின் உயரம் அளவுக்கு இறங்கும். தீவு மையத்துக்கு அருகில் இருந்தால் இழப்பு சிறியது, விளிம்புப் பக்கம் இருந்தால் பெரியது. ஆரத்தில் முக்கால் பங்கு தூரத்தில், ஆரத்தின் பத்தில் ஒரு பங்கு அகலத்தில் தீவு இருந்தால், எளிய மதிப்பீட்டின்படி பிளாஸ்மா தேக்கிவைத்திருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். இணைவில் கிடைக்கும் திறனோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கு நிகராக மாறுவது. எனவே அதில் சுமார் 30 சதவீதம் அடிபடும். இவ்வளவும் ஒரே ஒரு தீவுக்கு.

இனி சொல்லப்போவதுதான் இன்றைய டோகாமாக்குகளில் உண்மையான தலைவலி. வளையத்தில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே சரிந்தால், அந்தச் சரிவே துகள்களை ஒருபக்கமாக ஓடவைத்து ஒரு மின்னோட்டத்தை உண்டாக்கும். இதற்குப் பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் என்று பெயர். 1970-களின் தொடக்கத்தில் கோட்பாட்டில் கணிக்கப்பட்டு, பின்னாளில் கருவிகளில் உறுதியானது. டோகாமாக்குக்கு இது வரம். மின்னோட்டத்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது தீவுக்குள் அழுத்தம் தட்டையாகிவிட்டது அல்லவா? சரிவு இல்லை, ஆகவே அங்கே பூட்ஸ்ட்ராப் மின்னோட்டமும் இல்லை. சுற்றிலும் மின்னோட்டம் ஓட, தீவின் வடிவில் மட்டும் ஒரு பள்ளம். இல்லாத மின்னோட்டம் என்பது எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டத்துக்குச் சமம். அது உண்டாக்கும் புலம், தீவைப் பிறப்பித்த அதே தாளத்தில், அதே திசையில் தள்ளுகிறது. தீவு பெருக்கிறது, பள்ளம் அகலமாகிறது, தள்ளல் கூடுகிறது.

இதை நியோகிளாசிக்கல் டேரிங் மோடு என்கிறார்கள். எழுதுவோர் பெரும்பாலும் என்டிஎம் என்று சுருக்கிவிடுவார்கள். 1980-களின் நடுவில் கணிக்கப்பட்டது, 1995-இல் அமெரிக்காவின் டிஎஃப்டிஆர் டோகாமாக்கில் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. இதில் ஒரு நெளிவு உண்டு. மிகச் சிறிய தீவுக்குள் வெப்பநிலை முழுதாகத் தட்டையாவதில்லை, அதனால் அது தானாகவே மூடிக்கொள்ளும். குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் ஒரு விதைத்தீவு கிடைத்தால் மட்டுமே பிடித்துக்கொண்டு வளரும். அந்த விதையைப் பல நேரம் தருவது பிளாஸ்மாவின் நடுப்பகுதிதான். கியூ 1-க்குக் கீழே போன மையத்தில் வெப்பம் ஏறி ஏறித் திடீரென்று சரியும். வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி இருப்பதால் அதற்கு ரம்ப அலைவு என்று பெயர். அந்தச் சரிவின் அதிர்ச்சி வெளிப் பரப்புகளுக்குப் போய் 3/2-இலோ 2/1-இலோ விதை ஊன்றிவிடும். மையத்தில் ஒரு குலுக்கல், தண்டனை வேறிடத்துக்கு.

கட்டுப்பாட்டு அறையில் இது எப்படித் தெரியும்? கலத்தின் உட்சுவரை ஒட்டிச் சிறிய கம்பிச் சுருள்கள் வரிசையாக இருக்கும், மிர்னோவ் சுருள்கள். தீவு பிளாஸ்மாவோடு சேர்ந்து சுழல்வதால், அது ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சுருளில் ஒரு சமிக்ஞை எழும். அதிர்வெண் வரைபடத்தில் சில கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் ஒரு பளிச்சென்ற கோடு. இன்னொரு பக்கம், ஆரம் நெடுக வெப்பநிலையைக் காட்டும் அலைவரிசைகள். தீவுக்கு உள்பக்கம் உள்ள அலைவரிசை ஏறும்போது வெளிப்பக்கம் உள்ளது இறங்கும். எந்த இரண்டு அலைவரிசைகளுக்கு நடுவில் இந்த ஏற்ற இறக்கம் தலைகீழாகிறதோ, அங்கேதான் தீவின் மையம். எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுதான். படம் எதுவும் வரையாமலேயே தீவு எங்கே என்று சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடலாம்.

கோடு பளிச்சென்று இருக்கும்வரை பெரிய பயம் இல்லை. தீவு வளர வளர, சுழலும் அதன் புலம் உலோகச் சுவரில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை தீவை இழுத்துப் பிடிக்கின்றன. 5 கிலோஹெர்ட்ஸ், 3, 1 என்று கோடு கீழே சரியும். பிறகு மிர்னோவ் சுருள் மௌனமாகிவிடும். புதிதாகப் பார்ப்பவர் தீவு போய்விட்டது என்று நினைப்பார். அது போகவில்லை, நின்றுவிட்டது. மிர்னோவ் சுருளுக்கு மாறும் புலம்தான் கேட்கும், அசையாமல் நிற்கும் புலம் கேட்காது. சுருள் பிழைகளால் ஏற்கெனவே அங்கிருக்கும் நிலையான புலத்தில் தீவு பூட்டிக்கொள்கிறது. இந்த நிலைக்கு லாக்டு மோடு என்று பெயர். சுழற்சி போனதால் மறைப்பும் போகிறது, தீவு தடையின்றிப் பெருக்கிறது, பக்கத்துத் தீவுகளோடு மோதுகிறது. மில்லிவினாடிகளில் வெப்பம் முழுவதும் சுவரில் கொட்டிவிடும். அடுத்த சில பத்து மில்லிவினாடிகளில் மின்னோட்டமும் செத்துவிடும். இதுதான் டிஸ்ரப்ஷன். ஐட்டர் முழுத் திறனில் ஓடும்போது பிளாஸ்மாவின் வெப்ப ஆற்றல் சுமார் 350 மெகாஜூல், மின்னோட்டம் 1.5 கோடி ஆம்பியர். அவ்வளவும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போனால் சுவருக்கும் தாங்கிகளுக்கும் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது, அழகான மருந்து. தீவில் காணாமல் போனது மின்னோட்டம் என்றால், அந்த மின்னோட்டத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எலக்ட்ரான்கள் 1 டெஸ்லா புலத்தில் நொடிக்கு 2,800 கோடி முறை சுழலும், அதாவது 28 கிகாஹெர்ட்ஸ். டோகாமாக்கில் புலம் உள்பக்கம் வலுவாகவும் வெளிப்பக்கம் பலவீனமாகவும் இருப்பதால், ஒரு நுண்ணலைக் கற்றையின் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தாலே அது வளையத்தின் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் உறிஞ்சப்படும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மேலே கீழே நகர்த்த ஒரு கண்ணாடியைத் திருப்பினால் போதும். கற்றையைச் சாய்வாகச் செலுத்தினால் ஒரு திசையில் ஓடும் எலக்ட்ரான்களுக்கு மட்டும் ஆற்றல் கிடைக்கும், அங்கே மின்னோட்டம் பிறக்கும். ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு, ஜப்பானின் ஜேடி-60யு, அமெரிக்காவின் டி3-டி கருவிகளில் இந்த முறையால் தீவுகளை முற்றிலும் மூடிக் காட்டியிருக்கிறார்கள். ஐட்டரில் இதற்கென 170 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை உண்டாக்கும் ஜைரோட்ரான்கள் வருகின்றன. கலத்தின் மேல்பகுதியில் இருக்கும் நான்கு கற்றை ஏவிகளின் தலையாய வேலையே 3/2, 2/1 பரப்புகளைக் குறிபார்ப்பதுதான்.

குறி சில சென்டிமீட்டர் தவறினால் பயன் போய்விடும். தீவு சுழலும்போது ஓ-புள்ளி முன்னால் வரும் நேரத்தில் கற்றை விழ வேண்டும். எக்ஸ்-புள்ளி வரும்போதும் விழுந்துகொண்டே இருந்தால் பாதி வேலை எதிர்வேலையாகிவிடும். அதனால் சுழற்சிக்கேற்பக் கற்றையை அணைத்து அணைத்து எரிக்கும் உத்தியும் உண்டு. எப்படியானாலும் தீவு சிறியதாக இருக்கும்போதே பிடிப்பதுதான் சிக்கனம்.

இப்போது கேள்வியின் மறுபாதி. வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் இருக்கும் ஸ்டெல்லரேட்டர். பெரிய ஆரம் 5.5 மீட்டர். கோணலாக வளைந்த 50 மீக்கடத்திச் சுருள்களும் தட்டையான 20 சுருள்களும் அதில் உண்டு. முறுக்கு முழுக்க வெளிச்சுருள்களிலிருந்து வருவதால், பிளாஸ்மாவின் மின்னோட்டம் கிழிந்து தீவாகும் ஆபத்து இங்கே பெரிதாக இல்லை. ஆனால் பிழைப் புலத்தால் வரும் தீவு இருக்கிறது. போதாததற்கு, இந்தக் கருவியில் முறுக்கு ஆரம் நெடுக மிகக் குறைவாகவே மாறுகிறது. மாற்றம் குறைந்தால் தாளம் தப்பவே நேரம் பிடிக்கும், அதே பிழைக்குத் தீவு இன்னும் அகலமாகும். ஆகவே வடிவமைத்தவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள்: பிளாஸ்மாவின் உட்பகுதியில் எளிய பின்னம் எதுவும் வராதபடி அயோட்டாவை 1-க்குக் கீழேயே வைப்பது, விளிம்பில் மட்டும் அதைச் சரியாக 1 ஆக்குவது. கருவி ஐந்து மடிப்புச் சமச்சீர் கொண்டது. அதனால் அயோட்டா 1 வரும் இடத்தில் ஐந்து தீவுகள் கொண்ட சங்கிலி ஒன்று இயல்பாகவே முளைக்கிறது. டோகாமாக்கின் 2/1 தீவு, வெட்டில் இரண்டாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒரே குழாய். இங்கே வெட்டில் தெரியும் ஐந்தும் ஐந்து தனித்தனிக் குழாய்கள்.

அந்தச் சங்கிலி என்ன வேலை செய்கிறது? எந்த இணைவுக் கருவியிலும் விளிம்பில் கசியும் வெப்பத்தையும், எரிந்து முடிந்த சாம்பலான ஹீலியத்தையும் ஓரிடத்தில் இறக்கியாக வேண்டும். மனம்போன இடத்தில் சுவரைத் தொடவிட்டால் சுவர் தேயும், அதன் துகள்கள் பிளாஸ்மாவை மாசாக்கும். தீவின் வெளிப்பக்கத்தை வெட்டும்படி பத்து டைவர்ட்டர் (கசிவை வாங்கிக்கொள்ளும் தகடுகள்) தொகுதிகளை நிறுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்மாவிலிருந்து கசிவது தீவின் கரைவழியே வளைந்து, மையத்திலிருந்து தள்ளியிருக்கும் தகட்டில் போய் இறங்கும். உள்கரையிலிருந்து வெளிக்கரைக்கு வெப்பத்தைச் சுலபமாகக் கடத்துகிற அதே கெட்ட குணம் இங்கே சம்பளம் வாங்குகிறது. கோடு தகட்டை அடைய நூற்றுக்கணக்கான மீட்டர் ஓட வேண்டியிருப்பதால் வெப்பம் வழியிலேயே பரவித் தணியவும் வாய்ப்பு கிடைக்கிறது.

இதற்கெல்லாம் தீவு சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். 2015-இல், முதல் பிளாஸ்மாவுக்கு முன்பே, வெற்றுக் கலத்தில் அதைச் சோதித்தார்கள். ஒரு சிறிய எலக்ட்ரான் துப்பாக்கியிலிருந்து மெல்லிய கற்றையை ஒரு காந்தக் கோட்டின்மேல் விடுகிறார்கள். கற்றை கோட்டைவிட்டு விலகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. இன்னோரிடத்தில் ஒளிரும் பூச்சு பூசிய ஒரு மெல்லிய தண்டு கலத்தின் குறுக்கே மெதுவாக வீசிச் செல்கிறது. கற்றை தண்டில் படும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஒளிப்புள்ளி. கேமராவின் கதவைத் திறந்தே வைத்திருந்தால், புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து பரப்பின் வெட்டுமுகம் படத்தில் எழும். வட்டங்கள், அவற்றுக்கு நடுவே கண்கண்ணாகத் தீவுகள். வெறும் கணினிப் படமாக இருந்த தீவு, இருட்டறையில் பச்சைப் புள்ளிகளாகக் கண்முன் நிற்பது சாதாரணக் காட்சி இல்லை. 2016-இல் வெளியான முடிவு: புலம் வடிவமைப்பிலிருந்து விலகியது ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறிய பிழையை நேரடியாக அளப்பது மிகவும் கடினம். வர்க்கமூல விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். பிழைக்கு மிகவும் கூசும்படி அயோட்டா 1/2 வரும் ஒரு தனி அமைப்பை உண்டாக்கி, அங்கே முளைத்த தீவின் அகலத்திலிருந்து பிழையைக் கணக்கிட்டார்கள். மிச்சமிருப்பதைச் சரிக்கட்ட ஐந்து திருத்தச் சுருள்கள் இருக்கின்றன.

இங்கேயும் ஒரு சிக்கல் இல்லாமல் இல்லை. பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் இந்தக் கருவியில் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் பூஜ்யமில்லை. பிளாஸ்மா ஓட ஓட, சில கிலோஆம்பியர் மெதுவாகச் சேரும். அது அயோட்டாவைத் துளி மாற்றும், தீவுச் சங்கிலி இடம் பெயரும், வெப்பம் இறங்கும் கோடு தகட்டில் நகர்ந்துவிடும். வளர்க்கும் தீவுக்கும் காவல் தேவைப்படுகிறது.

இன்னொரு விதத்தில் ஸ்டெல்லரேட்டருக்கு ஒரு சலுகை உண்டு. முறுக்கு டோகாமாக்குக்கு எதிர்த்திசையில் ஏறும் கருவிகளில், பூட்ஸ்ட்ராப் பள்ளம் தீவைப் பெருக்குவதற்குப் பதில் சுருக்கும். எல்லாம் குறியீட்டின் கூட்டல் கழித்தல் விளையாட்டு. ஜப்பானின் எல்எச்டி கருவியில் வெளியிலிருந்து திணித்த தீவு, பிளாஸ்மா வந்ததும் தானாகவே மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். அதில் பிளாஸ்மாவின் சுழற்சிக்கும் பங்கு இருக்கிறது.

தீவுகள் தனித்தனியாக இருக்கும்வரை ஒழுங்கு நிலைக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பரப்புகளின் தீவுகள் பெருத்து ஒன்றையொன்று தொட்டால், நடுவில் இருந்த கோடுகளுக்கு எந்தத் தீவைச் சேர்ந்தவை என்றே தெரியாமல் போய்விடும். அங்கே ஒழுங்கற்ற அலைச்சல்தான். சிரிகோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் தந்த எளிய அளவுகோல் இதற்கு இன்றும் பயன்படுகிறது: இரண்டு தீவுகளின் அரை அகலங்களின் கூட்டுத்தொகை, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிதா என்று பார். டிஸ்ரப்ஷனின் கடைசிக் கட்டத்தில் நடப்பது இதுதான்.

ஆக, டோகாமாக்காரர்கள் தீவை அழிக்கிறார்கள், ஸ்டெல்லரேட்டர்காரர்கள் வளர்க்கிறார்கள் என்ற பிரிவினைகூடச் சரியில்லை. டோகாமாக்கின் விளிம்பில் அழுத்தம் செங்குத்தாக ஏறும்போது, அவ்வப்போது அது வெடித்து வெப்பத்தைத் தகட்டில் உமிழும். அதை அடக்க, விளிம்புப் பரப்புகளின் தாளத்துக்கேற்ற சிறிய புலத்தை வேண்டுமென்றே திணித்து, அங்கே மட்டும் தீவுகளை உண்டாக்கலாம் என்று 2004-இல் டி3-டி கருவியில் காட்டினார்கள். வெடிப்பு நின்றது. பிறகு பல கருவிகளில் செய்து பார்த்தாயிற்று. விளிம்பில் தீவு வேண்டும், ஆனால் அதே புலம் உள்ளே ஊடுருவி 2/1 பரப்பைத் தொட்டுவிடக் கூடாது. அது தொட்டால் மேலே சொன்ன பூட்டு விழுந்துவிடும். ஐட்டரின் வரைபடத்தில் இரண்டும் அருகருகே இருக்கின்றன: பிழைப் புலத்தைக் கழித்துத் தீவு வராமல் தடுக்கக் கலத்துக்கு வெளியே 18 திருத்தச் சுருள்கள், விளிம்பில் புலத்தைத் திணிக்கக் கலத்துக்கு உள்ளே 27 சுருள்கள்.